வேலை மாறிய பிறகு ஜப்பானில் விசாவைப் புதுப்பிப்பது எப்படி?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். இன்ஜினியர் விசாவில் மூன்று வருஷமாக ஜப்பானில் இருக்கிறீர்கள். ஜைரியூ கார்டு (வசிப்பு அட்டை) நவம்பர் 20-ஆம் தேதி முடிகிறது. போன வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி பழைய கம்பெனியை விட்டு, அக்டோபர் 16-ஆம் தேதி புதிய கம்பெனியில் சேர்ந்தீர்கள். இந்த மார்ச்சில் கவாசாகியிலிருந்து டோக்கியோவின் எதொகாவாவுக்கு வீடு மாறினீர்கள். மனைவியும் மூன்று வயது மகளும் குடும்ப விசாவில் இருக்கிறார்கள், மனைவி பகுதிநேர வேலைக்குப் போகிறார். நவம்பர் முதல் வாரம் ஊரில் தங்கை கல்யாணம். பாஸ்போர்ட்டும் பிப்ரவரியில் முடிகிறது. எதை முதலில் பிடிப்பது என்று தெரியவில்லை என்கிறீர்கள்.

முதலில் பிடிக்க வேண்டியது விசாவைத்தான். ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்க அனுமதி உள்ளவர்கள் காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு ஆகஸ்ட் 20-ஆம் தேதியே கதவு திறந்துவிட்டது. செப்டம்பர் நடுவுக்குள் விண்ணப்பம் உள்ளே போய்விட வேண்டும். முடிவு தெரிய இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதம் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. டோக்கியோவில் கூட்டத்தைப் பொறுத்து அதையும் தாண்டும். இப்போதே கொடுத்தால் கல்யாணத்துக்கு முன்னால் புதிய கார்டு கையில் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

சரி, நவம்பர் 20-க்குள் முடிவு வரவில்லை என்றால்? பயப்பட வேண்டாம். கார்டு முடியும் நாளுக்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும் வரையிலோ, முடியும் நாளிலிருந்து இரண்டு மாதம் வரையிலோ, எது முந்துகிறதோ அதுவரை பழைய நிலையிலேயே இருக்கலாம், வேலையும் பார்க்கலாம். இதைத்தான் தோகுரெய் கிகான் என்கிறார்கள். உங்களுக்கு அது ஜனவரி 20 வரை. நேரில் விண்ணப்பித்தால் கார்டின் பின்பக்கம் ‘விண்ணப்பத்தில் உள்ளது’ என்று முத்திரை வைத்துத் தருவார்கள். இணையம் வழியாக விண்ணப்பித்தால் முத்திரை இருக்காது, அவர்கள் அனுப்பும் மின்னஞ்சல்தான் சான்று. அதை அச்செடுத்துக் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இரண்டு மாதத்தைக் கூடுதல் விடுமுறை மாதிரி எண்ணிவிடக் கூடாது. முடிவு வந்த பிறகு புதிய கார்டை வாங்குவதும் அதற்குள் நடந்தாக வேண்டும்.

இனி உங்கள் வழக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன். அதே கம்பெனியில் இருந்துகொண்டு புதுப்பிப்பது எளிது. வேலை மாறிய பிறகு வரும் முதல் புதுப்பிப்பு அப்படி இல்லை. உங்கள் விசா பழைய கம்பெனியையும் பழைய வேலையையும் பார்த்துக் கொடுத்தது. புதிய கம்பெனியை நியூகான், அதாவது குடிவரவு அலுவலகம், இன்னும் பார்க்கவே இல்லை. அதனால் கிட்டத்தட்ட புது விசாவுக்குப் பார்ப்பது போலவே பார்ப்பார்கள்: கம்பெனி எப்படிப்பட்டது, உங்கள் வேலை என்ன, நீங்கள் படித்ததற்கும் இந்த வேலைக்கும் தொடர்பு உண்டா, சம்பளம் அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாமல் இருக்கிறதா.

ஒன்று கேட்கிறேன். கம்பெனி மாறியதை 14 நாளுக்குள் நியூகானுக்குத் தெரிவித்தீர்களா? விலகியதற்கு ஒன்று, சேர்ந்ததற்கு ஒன்று என்று இரண்டையும் தெரிவிக்க வேண்டும். நம் ஆட்களில் பாதிப் பேர் இதை ஹெச்ஆர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். இது கம்பெனியின் வேலை இல்லை, உங்கள் கடமை. தெரிவிக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கே இணையத்தில் அனுப்பிவிடுங்கள், பத்து நிமிஷ வேலை. தாமதமாகத் தெரிவித்தது பதிவில் இருக்கும்தான். ஆனால் தெரிவிக்காமலேயே புதுப்பிக்கப் போவது அதைவிட மோசம். சட்டத்தில் இதற்கு 2 லட்சம் யென் வரை அபராதம் இருக்கிறது. நடைமுறையில் அதிகம் கண்ணில் படுவது வேறு: மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ கிடைக்க வேண்டியவருக்கு ஒரு வருஷம் கிடைக்கிறது.

காகிதங்களைப் பொறுத்தவரை, விண்ணப்பப் படிவத்தில் நீங்கள் நிரப்பும் பக்கங்களும் கம்பெனி நிரப்பும் பக்கங்களும் தனித்தனி. கம்பெனியின் பக்கங்களுக்குத்தான் நாள் ஆகும், அதனால் ஹெச்ஆரிடம் இந்த வாரமே கேளுங்கள். கூடவே உங்கள் கம்பெனி எந்தப் பிரிவு என்றும் கேளுங்கள். பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகள் முதல் பிரிவு. ஊழியர் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் வருமான வரி வருஷத்துக்கு 1 கோடி யென்னோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டாவது. அதற்குக் கீழே மூன்றாவது, புதிதாகத் தொடங்கியவை நான்காவது. முதல் இரண்டில் இருந்தால் கேட்கும் காகிதம் மிகக் குறைவு. மூன்று, நான்கு என்றால் வேலை ஒப்பந்தம், வேலை விவரம், கம்பெனியின் பதிவுச் சான்று, உங்கள் பட்டச் சான்று எல்லாவற்றையும் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வைத்துக் கொடுங்கள். பழைய கம்பெனியின் விலகல் சான்று இருந்தால் அதையும் சேருங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எளிய ஜப்பானிய மொழியில் எழுதி வைப்பது நல்லது. ‘ஐடி’ என்று மொட்டையாக எழுதாமல், எந்த மாதிரி மென்பொருள், அதில் உங்கள் பங்கு என்ன, அது உங்கள் படிப்போடு எப்படிச் சேருகிறது என்று எழுதுங்கள்.

அடுத்தது வரி. இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் நானே இதில் அடிபட்டவன்.

புதுப்பிப்புக்கு இரண்டு வரிச் சான்றுகள் கேட்பார்கள். கஜெய் ஷோமெய்ஷோ என்பது உங்களுக்கு எவ்வளவு வருமானம், எவ்வளவு குடியிருப்பு வரி என்று சொல்வது. நோஜெய் ஷோமெய்ஷோ என்பது அந்த வரியைக் கட்டினீர்களா என்று சொல்வது. இந்த வரிதான் ஜூமின்ஜெய். போன வருஷ வருமானத்தை வைத்து இந்த வருஷம் ஜூனிலிருந்து பிடிப்பார்கள். சான்றைக் கொடுப்பது நீங்கள் இப்போது இருக்கும் ஊர் இல்லை, அந்த வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி நீங்கள் குடியிருந்த ஊர். நீங்கள் மார்ச்சில்தான் வீடு மாறினீர்கள். அப்படியானால் எதொகாவா குயக்ஷோவில் (வட்டார நிர்வாக அலுவலகத்தில்) போய் நின்றால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள், கவாசாகியில்தான் வாங்க வேண்டும். தபாலிலும் வாங்கலாம், ஆனால் போக வர நாள் ஆகும்.

நான் சொன்ன அடி இதுதான். எனக்கும் உங்களைப் போலவே நடு வருஷத்தில் வேலை மாறியது. கம்பெனியில் இருக்கும்போது குடியிருப்பு வரியைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துவிடுவதால் அப்படி ஒரு வரி இருப்பதே நினைவில் இருக்காது. ஜூனிலிருந்து டிசம்பருக்குள் விலகினால், நாமாகக் கேட்டு மொத்தமாகப் பிடிக்கச் சொன்னாலோ புதிய கம்பெனிக்கு மாற்றச் சொன்னாலோ ஒழிய, மீதி வரி நம் கைக்கு வந்துவிடும். எப்படி வரும் தெரியுமா? ஒரு நாள் தபால் பெட்டியில் முழுக்க ஜப்பானிய மொழியில் ஒரு உறை. உள்ளே கோம்பினியில் (தெருவோரச் சிறு பல்பொருள் கடையில்) கட்டுகிற சீட்டுகள். நான் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்து மைக்ரோவேவ் மேலே போட்டுவிட்டேன். அடுத்த வருஷம் புதுப்பிக்கச் சான்று வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா காகிதத்தை என் பக்கம் திருப்பி, பேனா முனையால் ஒரு கட்டத்தைக் காட்டினார். கட்டாத பாக்கி என்ற கட்டத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஒரு தொகை. அன்றைக்கே தாமதக் கட்டணத்தோடு கட்டினேன். புதிய சான்று, கட்டிய ரசீது, ஏன் தாமதம் என்று ஒரு கடிதம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். விசா கிடைத்தது, ஆனால் மூன்று வருஷ விசாவில் இருந்தவனுக்கு ஒரு வருஷம்தான் கிடைத்தது. காரணத்தை யாரும் எழுதித் தருவதில்லை. வேறு எதுவும் மாறவில்லை என்பதால் எனக்குத் தெரிந்த காரணம் இது ஒன்றுதான்.

நீங்கள் செப்டம்பர் கடைசியில் விலகியிருக்கிறீர்கள், சரியாக இந்தப் பொறிக்குள் வருகிறீர்கள். அதனால் விண்ணப்பத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் கவாசாகியில் இரண்டு சான்றுகளையும் வாங்கிப் பாருங்கள். இந்த வருஷத்துக்கு மட்டும் இல்லை, போன வருஷத்துக்கும் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அங்கேயே கட்டிவிட்டு, கட்டியது பதிவான பிறகு சான்று எடுங்கள். கோம்பினியில் கட்டினால் பதிவாகச் சில நாள் ஆகும், ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

காப்பீடும் ஓய்வூதியமும் இதே குடும்பம்தான். இரண்டு கம்பெனிக்கும் நடுவே உங்களுக்கு 15 நாள் இடைவெளி. சந்தா மாதக் கணக்கு, மாதக் கடைசி நாளில் எதில் இருக்கிறீர்களோ அந்த மாதம் அதற்குப் போகும். செப்டம்பர் கடைசி நாள் வரை பழைய கம்பெனி, அக்டோபர் கடைசி நாளில் புதிய கம்பெனி. அதனால் உங்களுக்குப் பாக்கி வராது. மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது விலகி, அடுத்த வேலைக்குக் கொஞ்சம் ஓய்வெடுத்துப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், அந்த மாதத்தை நாமே குயக்ஷோவில் பதிந்து கட்ட வேண்டும். பின்னால் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கிற எண்ணம் இருந்தால் இதை மனதில் வையுங்கள். அங்கே கட்டினீர்களா என்பதோடு நிற்க மாட்டார்கள், கெடுவுக்குள் கட்டினீர்களா என்றும் பார்ப்பார்கள்.

மனைவி, மகள் விண்ணப்பங்களை உங்களுடையதோடு சேர்த்து ஒரே நாளில் கொடுங்கள். திருமணச் சான்று, பிறப்புச் சான்று, அவற்றின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு, உங்கள் கார்டு நகல், வேலைச் சான்று, வரிச் சான்று போதும். மொழிபெயர்ப்பை நீங்களே செய்யலாம், கீழே செய்தவர் பெயரும் தேதியும் எழுதினால் சரி. உங்கள் மனைவி வேலைக்குப் போவதற்கான அனுமதி கார்டின் பின்பக்கத்தில் இருக்கிறது அல்லவா? அது விசாவோடு முடிந்துவிடும், தானாகப் புதுப்பிக்கப்படாது. அதற்குத் தனிப் படிவம் உண்டு, கட்டணம் கிடையாது, அன்றைக்கே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு, புதிய கார்டு வந்த பிறகும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தெரியாமல் செய்ததுதான், ஆனாலும் சட்டப்படி அது அனுமதியில்லாத வேலை. இன்னொன்று, வாரம் 28 மணி நேரம் என்பது எல்லா வேலையும் சேர்த்து. இரண்டு இடத்தில் 20, 20 என்று போனால் மீறல்தான், மனைவி பெயரில் உள்ள வரிச் சான்றில் வருமானம் அப்படியே தெரியும்.

கல்யாணத்துக்கு வருவோம். விண்ணப்பம் உள்ளே இருக்கும்போது ஊருக்குப் போகலாம், தடை இல்லை. விண்ணப்பிக்கும் நாளிலும், புதிய கார்டு வாங்கும் நாளிலும் ஜப்பானுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் போய் வரலாம். நவம்பர் முதல் தேதி கிளம்பி 16-ஆம் தேதி திரும்புகிற மாதிரி டிக்கெட் எடுத்தால் பழைய கார்டே செல்லும். சட்டப்படி நவம்பர் 20-க்குப் பிறகும் ஜனவரி 20 வரை உள்ளே வரலாம்தான், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஊர் விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் இருப்பவருக்கு தோகுரெய் கிகான் என்றால் என்னவென்று தெரியாது. அவர் கார்டின் முன்பக்கத் தேதியைத்தான் பார்ப்பார். சின்னக் குழந்தையும் பெட்டிகளுமாக நடு இரவில் அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்கும் நிலை வேண்டாம்.

கிளம்பும்போது ஜப்பான் விமான நிலையத்தில் ஒரு சின்னச் சீட்டு நிரப்புவீர்கள். அதில் தற்காலிகமாகத்தான் போகிறேன், திரும்பி வருவேன் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டீர்களா என்று மூன்று பேர் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். அந்த டிக்கில்தான் உங்கள் மறுநுழைவு அனுமதி இருக்கிறது. அது இல்லாமல் வெளியேறினால் விசாவே போய்விடும். 2012 ஜூலை 9-ஆம் தேதி ஜைரியூ கார்டு முறை வருவதற்கு முன்னால் இரண்டு வாரம் ஊருக்குப் போவதற்கும் நியூகானில் வரிசையில் நின்று, ஒரு முறைக்கு 3,000 யென், பல முறைக்கு 6,000 யென் கட்டி மறுநுழைவு அனுமதி வாங்கினோம். இப்போது ஒரு வருஷத்துக்குள் திரும்புவதென்றால் ஒரு டிக் போதும். அவ்வளவு எளிதாகிவிட்டதாலேயே பலர் கவனிப்பதில்லை.

ஊரில் இருக்கும் நாட்களில் கூடுதல் காகிதம் கேட்டு நியூகானிலிருந்து கடிதம் வரலாம், அதில் கெடு போட்டிருக்கும். பக்கத்து வீட்டிலோ நண்பர் ஒருவரிடமோ தபால் பெட்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பாஸ்போர்ட் பற்றி அதிகம் கவலை வேண்டாம். பிப்ரவரியில் முடிகிறது என்பதற்காக விசாவைப் பிப்ரவரியோடு நிறுத்த மாட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம், அதை விசா வந்த பிறகு நிதானமாகச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் ஒரு பாஸ்போர்ட்டை இரண்டு இடத்தில் கேட்பார்கள். ஆனால் கல்யாணத்துக்குப் போகும் வழியில் வேறு நாட்டில் இறங்குவதாக இருந்தால் அந்த நாடு ஆறு மாதச் செல்லுபடி கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே கொடுப்பது? எதொகாவாவில் இருப்பதால் உங்களுக்கு ஷினாகாவாவில் உள்ள டோக்கியோ நியூகான். ஷினாகாவா ஸ்டேஷனில் கோனான் வாசலில் இறங்கினால் பஸ் இருக்கிறது. மைநம்பர் கார்டும் (தனிநபர் எண் அட்டை) அதன் ரகசிய எண்ணும் கையில் இருந்தால் 2022 மார்ச்சிலிருந்து தனிநபர்களும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். என் கருத்தில், அதே கம்பெனியில் இருப்பவருக்கு இணையம்தான் சிறந்தது. உங்களைப் போல வேலை மாறியவர் நேரில் போவது மேல், கவுண்டரில் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து எது குறைகிறது என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். போட்டோ 4 செ.மீ. உயரம், 3 செ.மீ. அகலம். பாஸ்போர்ட்டுக்கு எடுத்து மிச்சம் வைத்த போட்டோவைக் கத்தரித்து ஒட்டாதீர்கள்.

பிறகு வீட்டுக்கு ஒரு தபால் அட்டை வரும். நீங்களே உங்கள் கையெழுத்தில் முகவரி எழுதிக் கொடுத்த அட்டைதான் அது. அதில் கட்டண முத்திரை வாங்கி வரச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருள். கட்டணம் 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி 4,000 யென்னிலிருந்து 6,000 ஆனது, இணையத்தில் விண்ணப்பித்தவருக்கு 5,500. போகும் நாளில் என்ன தொகை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பணமாக வாங்க மாட்டார்கள், ஷுனியூ இன்ஷி என்ற வருவாய் முத்திரையாகக் கொடுக்க வேண்டும். தபால் நிலையத்தில் கிடைக்கும், நியூகான் கட்டடத்துக்குள் இருக்கும் கடையிலும் கிடைக்கும். மூன்று பேருக்கு மூன்று கட்டணம்.

ஒருவேளை மறுத்துவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. நேரில் அழைத்துக் காரணம் சொல்வார்கள், அதைக் கேட்கும் வாய்ப்பு பெரும்பாலும் ஒரே முறைதான். ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரை, முடிந்தால் விசாக் காகிதங்களைக் கவனிக்கும் உரிமம் பெற்ற கியோசெய் ஷோஷியை, கூட அழைத்துப் போய்க் குறிப்பெடுங்கள். கிளம்புவதற்கென்று 30 நாளோ 31 நாளோ கொடுப்பார்கள். இந்த ஒரு நாளில் பெரிய வித்தியாசம் இருக்கிறது: 31 நாள் என்றால் மறுபடி விண்ணப்பிக்கும்போது அந்த இரண்டு மாத தோகுரெய் கிகான் உண்டு, 30 நாள் என்றால் கிடையாது. உங்கள் காகிதங்களைப் பார்த்தால் அந்த நிலை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை, வரி மட்டும் சரியாக இருக்கட்டும்.

புதிய கார்டு கைக்கு வந்த அன்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் மைநம்பர் கார்டின் காலமும் பழைய விசாவின் தேதியோடு முடிகிறது, விசா நீண்டால் அது தானாக நீளாது. நவம்பர் 20-க்குள் எதொகாவா குயக்ஷோவுக்கு மூன்று பேர் கார்டையும் எடுத்துப் போய் நீட்டிக்க வேண்டும். விசா முடிவு அதற்குள் வரவில்லை என்றாலும் போங்கள், விண்ணப்பத்தில் இருப்பதைக் காட்டினால் இரண்டு மாதத்துக்கு நீட்டித் தருவார்கள். தேதி தாண்டிவிட்டால் கார்டைப் புதிதாக விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். 2024 டிசம்பர் 2-ஆம் தேதி முதல் பழைய மாதிரி காப்பீட்டு அட்டை புதிதாகத் தருவதில்லை, மைநம்பர் கார்டைத்தான் ஆஸ்பத்திரியில் காட்டுகிறோம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் அது இல்லாமல் இருக்கக் கூடாது. வங்கிக்கும் புதிய கார்டைப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள். பழைய தேதியே பதிவில் இருந்தால் கணக்கை முடக்கி வைக்கும் வங்கிகள் உண்டு, வாடகை போகிற நாளில்தான் அது தெரியவரும்.

பழைய கார்டில் ஒரு ஓட்டை போட்டுத் திருப்பித் தருவார்கள். அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கும்போது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த விசாவில் இருந்தீர்கள் என்று எழுத அது உதவும். கவாசாகியில் சான்று வாங்கியதும் பாக்கிக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள், மேற்கொண்டு அதைப் பார்த்துச் சொல்கிறேன்.